முரல் வறுவலுக்கு மூணு மார்க்

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் சிரிக்கலாமா? இப்படி நேராக யாரும் கேட்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்துவிட்டு, சொந்தத்தில் ஒரு சித்தி அம்மாவிடம், "அதான் புள்ள நல்லாயிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்றார். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதே ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி விடியும்வரை நான் கிடந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் சிரித்ததும் உண்மை, ராத்திரி கிடந்ததும் உண்மை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டும் நடக்கும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் பாம்பன். மண்டபத்தில் நண்டும் கணவாயும் எடுக்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறேன். வெளியூர்க்காரர்கள் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பார்கள். ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல், பக்கத்தில் 2025-ல் திறந்த புது ரயில் பாலம். "இப்படி ஒரு இடத்துல இருந்துக்கிட்டு உனக்கென்ன கவலை?" என்று மதுரையிலிருந்து வரும் அத்தை மகள் கேட்பாள். நோய் முற்றியிருந்த நாட்களில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பேன். மண்டபம் வந்ததும் இறங்குவேன். வழியில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் பக்கம் துக்கம் என்றால் காரணம் கேட்பார்கள். அதில் தப்பில்லை, காரணம் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை இன்றும் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். தொழிலுக்குப் போனவரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், ஆள் திரும்பியும் படகு திரும்பாமல், வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிற வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அந்த வீட்டு அக்கா விடியற்காலையில் வாசல் தெளிக்கிறார், பிள்ளைகளுக்குச் சோறு கட்டுகிறார். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் எனக்குத் தலை சீவ முடியவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன், அம்மா வந்து பார்க்கும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அந்த அக்காவை நினைக்க நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நாங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மனநோய் என்று வாயில் வருவதற்கு முன்னால் 'ஏர்வாடி' என்று வந்துவிடும். மனநோயாளிகளைக் குணமாக வேண்டிக் கூட்டிக்கொண்டு வருகிற தர்கா இருக்கிற ஊர் அது. சின்ன வயதில் சண்டை போடும்போதே, "உன்னை ஏர்வாடியில கொண்டுபோய்க் கட்டிப் போடணும்" என்று ஒருவரையொருவர் திட்டியிருக்கிறோம். அது வெறும் பேச்சில்லை என்பது பிறகுதான் உறைத்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தர்காவின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எல்லா மதத்தாரும் அங்கே நம்பி வருகிறார்கள், இப்போது தொழுகையோடு சேர்த்து அரசு மருத்துவம் கிடைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோமே, அது இன்னும் மாறவில்லை. எனக்குத் தூக்கம் போய்ப் பல வாரங்கள் ஆன பிறகும் டாக்டரிடம் போகலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காததற்கு அந்தச் சங்கிலிப் பயம்தான் காரணம். அம்மா பயந்தார். நான் அதைவிடப் பயந்தேன்.

அம்மா முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஓரியூருக்கு. 1693-ல் பாதிரியார் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஊர். அவருடைய ரத்தம் பட்டுத்தான் அங்கே மண் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. அந்தச் செம்மண்ணைத் தாளில் மடித்து எடுத்துவந்து, ராத்திரி ஜெபம் முடிந்ததும் என் நெற்றியில் பூசுவார். மண்ணால் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் என்னை யாரும் தொட நான் விட்டதில்லை, அம்மாவின் கட்டைவிரல் மட்டும் தினமும் நெற்றியில் பட்டது. அது வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

கடைசியில் எங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதார நர்ஸ்தான் அம்மாவிடம் பேசினார். "ஓரியூருக்கும் போங்க, ராமநாதபுரத்துக்கும் போங்க, ஒண்ணுக்காக ஒண்ணை விட வேண்டாம்" என்றார். அம்மா அதற்குச் சரி என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையில் உட்கார்ந்தோம். சங்கிலி எங்கேயும் இல்லை. டாக்டரம்மா மூன்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு ருசிக்கிறதா, முன்னால் பிடித்த ஏதாவது ஒன்று இப்போதும் பிடிக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் தேடும்போதுதான் அழுதேன். ஒன்றுகூட இல்லை.

மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், அதற்கு முன் குமட்டலும் வாய் உலர்வதும் வரலாம், பயந்து நாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே நடந்தது. தூக்கம் முதலில் கொஞ்சம் திரும்பியது. சந்தோஷம் திரும்பவில்லை. அடுத்த முறை போனபோது அதைச் சொன்னேன். அவர் ஒரு வேலை கொடுத்தார். மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். தினமும் ஏதாவது சின்னதாக ஒன்று செய்துவிட்டு, அது எவ்வளவு பிடித்தது என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதிக்கொண்டு வாங்க என்றார். கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு மருந்தை யாரும் எழுதித் தந்திருக்க முடியாது. கம்பெனியிலிருந்து ஒரு பழைய பில் நோட்டை எடுத்துவந்து பின்பக்கத்தில் கோடு போட்டேன்.

முதல் பக்கங்களை இப்போது புரட்டினால் முட்டைதான். குளித்தேன், 0. மாடிக்குப் போனேன், 0. கடல் ஓசை பண்பலையில் பழைய பாட்டு, 1. அந்த ஒன்றும் எழுதுவதற்காக எழுதினதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா வீட்டு முரல் மீன்தான் முதலில் மாற்றிப் போட்டது. பெரியம்மா சின்ன வயதிலிருந்து கடல்பாசி எடுத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவுப் பக்கம் வத்தை என்கிற சின்னப் படகில் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிற வேலை. இப்போது முட்டி வலி, கடலில் இறங்குவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முண்டு மிளகாயை உப்போடு அரைத்துத் தடவிய முரலை அடுப்பில் போட்டார். எதுவும் பேசவில்லை. தட்டில் வைத்தார். நான் மீனைப் பிரித்தேன். உள்ளே முள் பச்சை நிறம். முரலுக்கு முள் பச்சையாகத்தான் இருக்கும், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அன்று அந்தப் பச்சை கண்ணில் பட்டது. வெந்த வெள்ளைச் சதைக்கு நடுவே பளிச்சென்று, பாசிமணி நிறத்தில். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காரம் நாக்கில் ஏறியது. பல மாதம் கழித்துக் காரம் காரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: முரல் வறுவல், 3.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா வீடு என்று ஆனது. இரண்டு வேலை. ஒன்று, கடற்கரை ஊற்றில் தண்ணீர் எடுப்பது. குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் பெரியம்மாவுக்கு டீ போட ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் மணலுக்குள் உப்பின் மேலே நிற்கிறது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். கலங்கிய தண்ணீர் தெளியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கொட்டாங்குச்சியை அடி தட்டாமல் சாய்த்து மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நான் முதலில் அவசரப்பட்டுக் கலக்குவேன். "ஏ புள்ள, தண்ணி எங்கயும் ஓடிப் போவாது" என்பார். குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சு கொஞ்சம் தணியும். எப்போதும் இல்லை, சில நாள்.

இரண்டாவது, காய்ந்த பாசியைப் பொறுக்குவது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எடுத்துவந்து காயவைத்த பாசியில் சிப்பி, கல், சங்குத்துண்டு எல்லாம் கலந்திருக்கும். அதையெல்லாம் எடுத்தால்தான் வியாபாரி விலையைக் குறைக்காமல் எடுப்பார். பெரியம்மாவுக்குக் கண் மங்கல், அரிசி அளவு சங்கை அவர் விட்டுவிடுவார், என் கண் பிடித்துவிடும். நான் போகாவிட்டால் மூட்டை அப்படியே கிடக்கும். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட ராத்திரிகளில் எனக்கு ஒரு பதிலும் கிடைத்ததில்லை. சனிக்கிழமை மூட்டை காத்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமையைக் கடந்திருக்கிறேன். பாசி பொறுக்கியது, 4. டீ, 5. ஒரு தடவை ஈரப்பாசியோடு வந்த நண்டுக்குஞ்சு ஒன்று நகத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது, பெரியம்மாவும் நானும் சிரித்தோம். 6.

இதைப் படித்துவிட்டு, மீனும் ஊற்றுத் தண்ணீரும் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மார்க் ஏறிக்கொண்டே போகவில்லை. வாடைக்காற்று தொடங்கி வடகடல் கொந்தளிக்கிற மாதங்களில் மறுபடியும் முட்டையாக விழுந்தது. பெரியம்மா அதே முரலைத்தான் பொரித்துக் கொடுத்தார், பச்சை முள்ளைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. இருக்கவே வேண்டாம் என்று தோன்றிய ராத்திரி ஒன்றும் அப்போது வந்தது. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மறுநாளே டாக்டரம்மாவைப் பார்த்தோம், மருந்தின் அளவைக் கூட்டினார். நோட்டைக் கேட்டு வாங்கிப் பழைய பக்கங்களைத் திருப்பி, "இந்த மூணும் நாலும் பொய் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். அந்தச் சமயத்தில் அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அந்தக் கேள்விதான் எனக்கு உதவியது. கெட்ட நாளில் உட்கார்ந்திருக்கும்போது, நல்ல நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை என்று மனசு சத்தியம் பண்ணும். நோட்டு இல்லாவிட்டால் நானும் அதை நம்பியிருப்பேன்.

அந்தச் சித்திக்கும் இதைத்தான் சொன்னேன். நல்லாயிட்டதால் சிரிக்கவில்லை சித்தி, சிரிப்பு வந்தது, சிரித்தேன். சிரிப்பு வருகிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் அந்தச் சிரிப்பும் போய்விடலாம். அவர் முழுசாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அடுத்த தடவை வந்தபோது, மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கீழக்கரைத் தொதல் இனிப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. படகு இறங்கியதும் கம்பெனியில் மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் ராமநாதபுரம் போக வேண்டிய நாளுக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்தேன். இதுவரை காரணம் என்ற இடத்தில் பல் வலி, கண் பரிசோதனை என்று எழுதுவேன். இந்தத் தடவை 'மனநல மருத்துவரைப் பார்க்க' என்று எழுதினேன். மேனேஜர் அண்ணன் வாசித்தார், கையெழுத்துப் போட்டார். "பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டார். பாலத்தில் சனிக்கிழமைக் கூட்டம் இருக்கும், ரயில்தான் என்றேன்.