அஞ்செட்டிக் காட்டோரம் சில நாட்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிக்குப் போகும் வழியெல்லாம் காடுதான். 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்த காடு, 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அரையாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகளைச் சென்னையிலிருந்து இங்கே கூட்டிவந்தேன். பத்து வயது. தண்ணீர்கூட யாராவது எடுத்துத் தந்தால்தான் குடிப்பாள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்பதால், காட்டை ஒட்டித் தெரிந்தவர்களின் கொல்லையில் தங்கினோம்.

அடுப்பு மூட்டும் வேலையை அந்த வீட்டுப் பாட்டி அவளிடமே விட்டார். மூன்று கல், தீப்பெட்டி, கொஞ்சம் விறகு. கட்டைகளை நெருக்கி அடுக்கி, குச்சி குச்சியாக உரசினாள். புகைதான் வந்தது. கண் எரிந்து, மூக்கு ஒழுகி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுவதற்குள் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியில காத்து போக வழி விடு கண்ணு."

அவ்வளவுதான் சொன்னார். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, காய்ந்த புல்லை அடியில் வைத்து, மெல்லிய சுள்ளிகளைச் சாய்த்து அடுக்கி மறுபடி பற்றவைத்தாள். பிடித்துக்கொண்டது! அப்புறம் அடுப்பை விட்டு நகரவே இல்லை. நொய் வெந்து, கேழ்வரகு மாவு கொட்டி, களி கிண்டி முடிக்கும்வரை தீயைத் தள்ளித் தள்ளி அவளே பார்த்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குக் கை வேலை வராததற்குப் பாதிக் காரணம், நாம் முந்திக்கொண்டு செய்துவிடுவதுதான் என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

ஆனால் யானை நடமாடும் இடத்தில் பயப்படவும் தெரிய வேண்டும். கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் இங்கே இறங்கும். விவசாயிகள் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, பார்த்து யானை எப்போது போனது என்று சொல்ல, பாட்டி அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். பழையது வெளுத்து நாராக உதிரும். புதியது ஈரமாக, பச்சை வாடையோடு கிடக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஓடை வரை நடக்கலாமா என்று கேட்டேன். வரப்பு முனையில் நின்றுவிட்டாள்.

"வேணாம் அத்தை. இது ஈரமா இருக்கு. முதல்ல பாட்டிகிட்ட சொல்லணும்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.