தாளம் தப்பியது மகளா, கணினியா?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், பாட்டு ஆசிரியைக்கு அனுப்புவதற்காக என் மகள் ஒரு மோகன ராக வர்ணத்தை வீட்டுக் கணினியில் பதிவு செய்தாள். காதில் தம்புராவும் தாளத் தட்டும் ஒலிக்க, எதிரே மைக்கை வைத்துக்கொண்டு பாட வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி அனுப்ப வேண்டும். பதிவைக் கேட்டபோது, ஒவ்வொரு வரியிலும் தட்டு விழுந்து சற்று நேரம் கழித்தே எழுத்து வந்தது. "காலப்பிரமாணம் நிற்கவில்லை, இன்னொரு முறை பாடு" என்றேன். நான்கு முறை பாடினாள். நான்காவதிலும் அதே தள்ளல். "அப்பா, நான் சரியாத்தான் பாடினேன், உங்க கம்ப்யூட்டர்தான் லேட்டா கேக்குது" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் உண்மை என்பது, நான்கு பதிவுகளையும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்துப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. மனிதர் தாளம் தப்பினால் ஓரிடத்தில் முந்துவார், இன்னோரிடத்தில் பிந்துவார். இங்கோ முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே அளவான பிந்தல், ஏறத்தாழ 180 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு, அதாவது ஓர் அட்சரத்துக்கு, 750 மில்லி விநாடி. சதுஸ்ர நடையில் அதை நான்காக வகுத்தால் ஒரு மாத்திரைக்கு 187.5 மில்லி விநாடி. கணினி அவளை ஏறக்குறைய ஒரு முழு மாத்திரை பின்னால் தள்ளி வைத்திருந்தது.

கணினியைப் பழுது பார்க்கும் கடையில் விசாரித்தேன். "சவுண்ட் கார்டு போயிருக்கும் சார், யூஎஸ்பியில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். வாங்கிப் போட்டேன், பிந்தல் அப்படியே இருந்தது. சவுண்ட் கார்டு என்பது தனியாக வாங்கிச் செருகும் பொருளாக இருந்த காலத்து வழக்கம் நம் பேச்சில் இன்னும் மிச்சமிருக்கிறது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட பிறகு வந்த அந்தக் கார்டுகளில், போர்ட் எண் 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7 என்று பார்த்துப் பார்த்து அமைக்காவிட்டால் சத்தமே வராது. 2004-இல் இன்டெல் வகுத்த ஹெச்டி ஆடியோ முறைக்குப் பிறகு பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அந்த வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சில்லு செய்துவிடுகிறது. அது பழுதானால் சத்தம் நின்றுபோகும், அல்லது ஒரு பக்கம் மட்டும் கேட்கும். சீராக ஒரே அளவு பிந்தாது. புதிய யூஎஸ்பி கார்டால் எனக்குக் கிடைத்த பயன் ஒன்றுதான். இரண்டு கார்டிலும் ஒரே கோளாறு இருந்தால் கோளாறு கார்டில் இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

பிந்தல் எப்படி உண்டாகிறது என்பதற்குக் குழாயடி உதாரணம் ஒன்று போதும். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள்) வீதம் வருவதை ஒரு குடத்தில் பிடித்து, குடம் நிறைந்ததும் மொத்தமாக எடுத்துச் செல்கிறது. அந்தக் குடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். 1,024 மாதிரி கொள்ளும் குடம் நிறைய 21 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். 128 மாதிரி கொள்ளும் குடத்துக்கு 2.7 மில்லி விநாடி போதும். பெரிய குடமாக வைத்தால் தண்ணீர் வீடு சேர நேரமாகும். சிறிய குடமாக வைத்தால், எடுத்துச் செல்பவர் ஒரு கணம் அசந்தாலும் தண்ணீர் வழிந்து வீணாகும். முன்னது பிந்தல், பின்னது கரகரப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்பதை அறியாமல், இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணி இணையத்தில் கிடைத்த அமைப்புகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு வாரம் வீணாயிற்று.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் பிந்தலை அளந்துவிட வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆடாசிட்டியிலேயே தாளத் தட்டை உருவாக்கும் வசதி உண்டு. அதை ஒரு தடத்தில் வைத்து, ஹெட்போனின் ஒரு செவியை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு இரண்டு தடங்களையும் பெரிதாக்கி, மூலத் தட்டின் முனைக்கும் பதிவான தட்டின் முனைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் தேர்வு செய்தால், கீழே மில்லி விநாடியில் கணக்கு வந்துவிடும். இதில் என்னைச் சுற்றவிட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. பிந்தல் இருக்கும் என்பதை ஆடாசிட்டியே எதிர்பார்த்து, பதிவான தடத்தை 130 மில்லி விநாடி முன்னே நகர்த்தி வைக்கிறது. அமைப்புகளில் பிந்தல் ஈடு என்ற இடத்தில் கழித்தல் குறியோடு அந்த எண்ணைக் காணலாம். ஆகவே திரையில் நான் கண்ட 180, அந்த ஈடு போக மிஞ்சியது. உண்மையான பிந்தல் 310.

அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தவுடன், மகள் அணிந்திருந்த ப்ளூடூத் ஹெட்போன் மீது சந்தேகம் திரும்பியிருக்க வேண்டும். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, அங்கே மறுபடி விரிப்பதற்கே 150 முதல் 250 மில்லி விநாடி வரை போய்விடுவது சாதாரணம். படம் பார்க்கும்போது காணொளி மென்பொருள்கள் அதற்கு ஏற்பப் படத்தையும் நிறுத்தி வைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பதிவில் அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, அந்த ஹெட்போனின் சொந்த மைக்கைத் திறந்துவிட்டால் அது தொலைபேசி முறைக்கு மாறி, தம்புரா தகர டப்பாவுக்குள் ஒலிப்பதைப் போலாகிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது அப்போதுதான். பதிவுக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. இதில் சமரசம் செய்துகொண்டு பார்த்தும் பயன் கிடைக்கவில்லை.

கம்பி ஹெட்போனுக்கு மாறினோம். ஆடாசிட்டியில் ஒலியை எந்த வழியாக அனுப்புவது என்ற தேர்வில் எம்எம்இ என்ற பழைய வழி இருந்தது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த வாசாபி என்ற புதிய வழிக்கு மாற்றினேன். விண்டோஸின் ஒலி அமைப்பில் மெருகூட்டல்கள் என்ற பெயரில் இயங்கிக்கொண்டிருந்தவற்றையும் அணைத்தேன். மகளை அழைத்து ஒரு வரி பாடச் சொன்னேன். இப்போது பாட்டு தாளத்துக்கு முன்னால் வந்தது! தட்டு விழுவதற்கு 40 மில்லி விநாடி முன்பே எழுத்து விழுந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. கணக்கு எளியதுதான்: உண்மைப் பிந்தல் 90 ஆகக் குறைந்துவிட்டது, மென்பொருளோ பழையபடி 130-ஐக் கழித்துக்கொண்டிருந்தது. ஈட்டை 90 என்று மாற்றியதும் இரண்டு தடங்களின் தட்டுகளும் இரண்டு மூன்று மில்லி விநாடிக்குள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தன. ஹெட்போனை மாற்றினாலோ யூஎஸ்பி கார்டுக்கு மாறினாலோ இந்த எண்ணும் மாறும் என்பதால், அளந்த எண்களைத் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாடுபவருக்கு இவ்வளவு போதும். தன் குரலையும் ஹெட்போன் வழியாகக் கேட்க வேண்டும் என்றால்தான் அந்த 90 மில்லி விநாடி உறுத்தும். அதற்கு ஒரு பக்கச் செவியை விலக்கி வைத்துக்கொண்டு பாடுவதே நல்ல வழி, கச்சேரிப் பதிவுக் கூடங்களிலும் பாடகர்கள் செய்வது அதைத்தான்.

வாசிப்பவர் நிலை வேறு. நவராத்திரி விடுமுறைக்கு வந்த என் தம்பி, தன் கீபோர்டை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, கணினிக்குள் இருக்கும் பியானோ ஒலியை வாசிக்க விரும்பினான். விரல் பட்ட பிறகு ஒலி வர 60, 70 மில்லி விநாடி ஆனால் யாராலும் வாசிக்க முடியாது. இதை எந்த ஈடும் சரி செய்யாது, ஏனெனில் இன்னும் அழுத்தாத கட்டையின் ஒலியை முன்கூட்டியே தர எந்த மென்பொருளாலும் இயலாது. எவ்வளவு பிந்தலாம் என்பதற்குக் கச்சேரி மேடையே அளவுகோல். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்கிறது. பாடகருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கத்தின் ஒலி அவரை அடைய 5 மில்லி விநாடி ஆகிறது. அதை யாரும் பிந்தல் என்று சொல்வதில்லை. 10 மில்லி விநாடி வரையும் கை பழகிக்கொள்கிறது.

இங்கே ஏஎஸ்ஐஓ உதவிற்று. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய இந்த வழி, விண்டோஸின் பொதுக் கலவைக் கூடத்தைத் தாண்டி மென்பொருளை ஒலிச் சில்லோடு நேராகப் பேச வைக்கிறது. மதர்போர்டுச் சில்லுக்கு அத்தகைய டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இல்லாதபோது ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் அந்த இடத்தை நிரப்பும். பஃபரை 128 என்று வைத்ததும் கீபோர்டு கைக்கு இசைந்தது. ஆனால் பத்து, பதினைந்து விநாடிக்கு ஒருமுறை 'டப்' என்று ஓர் உடைசல். குடம் சிறியதாகிவிட்டது, எடுத்துச் செல்பவரை யாரோ வழியில் நிறுத்துகிறார்கள்.

நிறுத்துவது யார் என்பதைக் காட்ட லேட்டன்சிமான் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு டிரைவரும் தன் அவசர வேலைக்காகச் செயலியைச் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். அந்த நேரம் பஃபரின் 2.7 மில்லி விநாடியைத் தாண்டினால் ஒலி அறுந்துபோகும். லேட்டன்சிமானைப் பத்து நிமிடம் ஓடவிட்டதில், வைஃபை அட்டையின் டிரைவர் சில வேளைகளில் 4 மில்லி விநாடி வரை செயலியை விடாமல் வைத்திருந்தது தெரிந்தது. ஒலியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பொருள்! டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கினேன்; உடைசல் நின்றது. கூடத்தில் இருக்கும் ரவுட்டரிலிருந்து கதவோரமாக ஒரு லேன் கம்பியை இழுத்துவிட்டதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. மின் சேமிப்பு அமைப்பையும் முழு வேகத்துக்கு மாற்றினேன். சும்மா இருக்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தூங்கி எழுவதும் சிறிய பஃபருக்கு ஆகாது.

தம்பி வாசித்ததைப் பதிவு செய்த அன்று வேறொன்றும் நடந்தது. தம்புராவின் சுருதி ஏறிவிட்டது, வேகமும் கூடியது. 44,100 மாதிரி வீதத்தில் உருவான கோப்பை 48,000 வீதத்தில் ஓட்டினால் சுருதி 8.8 விழுக்காடு உயரும். மகளின் ஐந்து கட்டைச் சுருதித் தம்புரா ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே எந்தக் கட்டையிலும் சேராமல் நின்றது. மென்பொருளிலும் விண்டோஸின் ஒலி அமைப்பிலும் ஒரே எண்ணை வைத்ததும் இறங்கிவிட்டது. சத்தமே வராமல் போன நாள்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை: எச்டிஎம்ஐ கம்பியில் திரையை இணைத்தவுடன் விண்டோஸ் அதையே ஒலிபெருக்கியாக எடுத்துக்கொண்டுவிடும், கீழே உள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு, எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். கைபேசி இயர்போனின் நான்கு தொடுபகுதிகள் கொண்ட முனையைக் கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகிவிட்டு மைக் வேலை செய்யவில்லை என்று சொல்வதும் இந்த வகைதான். அதற்கு இரட்டையாகப் பிரியும் ஒரு சிறு கம்பி வேண்டும்.

கடைசியாகத் தீர்ந்தது உறுமல். பாட்டு நிற்கும் இடங்களில் அடியில் ஒரு 'ம்ம்ம்' தொடர்ந்து பதிவாகியிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் நான்காம் மடங்கு 200. ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம், அதாவது 'ச', 196 ஹெர்ட்ஸ். இரண்டும் நெருங்கியிருந்ததால், தம்புராவோடு மோதி விநாடிக்கு நான்கு முறை அலையடித்தது. மென்பொருளில் வடிகட்டிப் பார்த்தேன், குரலின் கனமும் சேர்ந்து போனது. பிறகு ஒருநாள் கணினிப் பெட்டியின் தகட்டில் கை பட்டபோது மெல்லச் சுருக்கென்றது. அதே கணத்தில் உறுமலும் மாறியது. மின்பணியாளர் வந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மூன்றாம் துளைக்கு எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. இணைத்த பின் உறுமல் பெரும்பாலும் போயிற்று. மைக்கை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றியதும் மிச்சமும் போயிற்று.

அதன் பிறகு மகள் வர்ணத்தை மறுபடி பாடிக் கொடுத்தாள். ஆசிரியைக்கு அனுப்புவதற்கு முன் வழக்கம்போலத் தடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லவி தட்டோடு தட்டாக இருந்தது. அனுபல்லவியின் இரண்டாம் வரியில் மட்டும் அவள் 60 மில்லி விநாடி முந்தியிருந்தாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.