அழித்த பிறகும் குறையாத வட்டு

சென்ற செவ்வாய் இரவு பத்தரை மணிக்கு, 312 பக்கப் புத்தகத்தைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருந்தபோது, மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓடும் விண்டோஸ் எக்ஸ்பி அப்படியே நின்றுவிட்டது. வெளிக்கணினியின், அதாவது மடிக்கணினியின், வட்டு நிரம்பிவிட்டதால் இயக்கத்தை நிறுத்திவைத்திருப்பதாக, மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸ் சொன்னது. வயிற்றைக் கலக்கியது. ஆனால் அது நிறுத்திவைக்கிறதே தவிர, இயக்கத்தை வெட்டிவிடுவதில்லை. வெளியே இரண்டு ஜிபி ஒதுக்கிக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடி, பிடிஎஃப்பை முடித்துக் கொடுத்தது.

2014இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பியை இன்னும் ஏன் கட்டி அழுகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் எழுத்துருக்களில் வடிவமைத்த பழைய புத்தகக் கோப்புகள் அதில்தான் வரி பிசகாமல் திறக்கின்றன. மறுபதிப்பு கேட்டு வரும் சிறு பதிப்பாளர்களுக்கு நான் வேறு எதைக் காட்ட முடியும்? இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, உபுண்டு லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினிக்குள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மடிக்கணினியில் மொத்தமே 256 ஜிபி. எக்ஸ்பியின் வட்டு முழுவதையும் தாங்கும் விடிஐ கோப்பு மட்டும் 37 ஜிபி. உள்ளே போய்ப் பழைய அச்சுப் படிவங்கள், ஸ்கேன் படங்கள் என்று 20 ஜிபிக்கு மேல் அழித்தேன். எக்ஸ்பி தன் வட்டில் பாதிக்கு மேல் காலி என்றது. வெளியே வந்து பார்த்தால் அதே 37.

எக்ஸ்பி அழித்தது பேரேட்டில் இருந்த பெயரை மட்டும்தான்; சரக்கு கிடங்கிலேயே கிடக்கிறது. எந்தப் பகுதி காலி என்று வர்ச்சுவல்பாக்ஸுக்குத் தெரியாது. புதிய இயங்குதளங்கள் ட்ரிம் என்ற கட்டளை மூலம் அதைச் சொல்லிவிட முடியும். எக்ஸ்பிக்கு ட்ரிம் கிடையாது. எனவே காலி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிக் காட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது மெய்நிகர் கணினியின் அன்றைய நிலையைச் சேமித்துவைத்த பதிவுகளை, கவனிக்க வேண்டும். என்னிடம் நான்கு இருந்தன, எல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்தவை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் நடந்த மாற்றங்கள் தனிக் கோப்பில் சேர்கின்றன. அவை இருக்கும்வரை சுருக்கினாலும் பெரிய பலன் கிடைக்காது. ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் இன்றைய வேலை போய்விடுமோ என்று பல மாதம் கை வைக்காமல் இருந்தேன். போகாது. மாற்றங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். பழைய நிலைக்குத் திரும்பும் வழி மட்டுமே மறையும். ஆனால் இணைக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவை. நிரம்பிய வட்டில் இதைத் தொடங்காதீர்கள். நான் எக்ஸ்பியை முறைப்படி நிறுத்தி, மொத்தத்தையும் வெளிவட்டுக்கு நகலெடுத்து, அங்கே வைத்துத்தான் நீக்கினேன். நகலெடுக்கவே நள்ளிரவு தாண்டிவிட்டது.

பூஜ்யம் நிரப்ப, எஸ்டெலீட் என்ற சிறு நிரலின் எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பு. காலி இடத்தைப் பூஜ்யமாக்கக் கட்டளையில் சேர்க்க வேண்டிய எழுத்து பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. அதன் உதவிக் குறிப்பைப் படித்துவிட்டு ஓட்டுங்கள். இந்தக் கட்டத்தில் விடிஐ தன் முழு அளவுவரை வீங்கக்கூடும், அதற்கும் வெளிவட்டே துணை. பிறகு எக்ஸ்பியை நிறுத்தி, வர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவியான விபாக்ஸ்மேனேஜின் மாடிஃபைமீடியம் கட்டளையைக் 'காம்பாக்ட்' (சுருக்கு) தேர்வுடன் கொடுத்தேன். 37 ஜிபி 13 ஆனது. திரையைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு மகிழ்ச்சி.

எழுத்துரு மாற்றி நிரல்களைச் சோதிக்க வைத்திருக்கும் உபுண்டு மெய்நிகர் கணினி எளிதாக முடிந்தது. பழைய கெர்னல்களையும் (இயங்குதளத்தின் கருப்பகுதி) இறக்கிவைத்த மென்பொருள் தொகுப்புகளின் சேமிப்பையும் நீக்கி, வட்டைப் படிக்க மட்டும் என்று ஏற்றி, காலி இடத்தைப் பூஜ்யமாக்கும் ஜீரோஃப்ரீ நிரலை ஓட்டினேன். பிறகு அதே காம்பாக்ட். ஒன்பது ஜிபி திரும்பி வந்தது.

சுருக்கிய விடிஐயை மடிக்கணினிக்கே கொண்டுவந்து, புத்தகத்தைத் திறந்து 312 பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு ஒற்றெழுத்துகூட இடம் மாறவில்லை. வெளிவட்டில் முதலில் எடுத்த நகலை, அச்சகத்திலிருந்து புத்தகம் கைக்கு வரும்வரை அழிக்கப்போவதில்லை.