இரு தெருவுக்கும் ஒரே வீரன்

2004இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்கு வந்தோம். மனைவிக்கு மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. வாடகை குறைவு என்று நகரின் கிழக்குப் பக்கம் வீடு பிடித்தோம். எனக்கு வேலை கிடைக்கும்வரை நான்கு வயது மகளைக் கைப்பிடித்துக்கொண்டு நியூட்டவுனார்ட்ஸ் சாலையில் நடப்பேன். நடைபாதை ஓரக்கற்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறி மாறி பெயின்ட் அடித்திருந்தது. ஏதோ திருவிழாவுக்கு அடித்தது என்று நினைத்துக்கொண்டேன். பிரிட்டன் கொடியின் நிறங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சாலையில் முகமூடியும் துப்பாக்கியுமாக ஆட்கள் வரைந்த சுவர்கள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒருவன் மட்டும் அந்தக் கூட்டத்தோடு ஒட்டாமல் தெரிந்தான். வாளும் கேடயமும் பிடித்த பழங்கால வீரன். நிற்க முடியாத உடம்பை ஒரு கல் தாங்கியிருந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரிஷ்காரர்களின் தாக்குதலிலிருந்து அல்ஸ்டரை, அதாவது அயர்லாந்துத் தீவின் வடபகுதியை, காத்தவன் என்று எழுதியிருந்தார்கள். பெயர் கூஹுலின். "இது வேடியப்பனாப்பா?" என்று கேட்டாள் மகள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்குச் செங்கம் பக்கம். அங்கே வேடியப்பன் கோயில் என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பது நடுகல்தான். மாட்டுத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டவனுக்கு ஊர் நட்ட கல். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டுவார்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் கூஹுலினைப் பற்றிக் கேட்டேன். "எங்கள் அல்ஸ்டரின் காவல்காரன். மற்ற அயர்லாந்து முழுக்கப் படையெடுத்து வந்தபோது தனியாக நின்றவன்" என்றார். சில மாதம் கழித்து கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்கு மேற்கே, ஐரிஷ் தேசியவாதிகள் வாழும் ஃபால்ஸ் சாலைப் பக்கம் வீடு. அவரிடம் இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அவன் எங்கள் ஆள். டப்ளின் தபால் நிலையத்தில் போய்ப் பார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைமையிடமாக இருந்த கட்டடம் அது. எழுச்சியின் நினைவாக 1935இல் அங்கே வைத்த வெண்கலச் சிலையில் அதே கூஹுலின், அதே கல், தோளில் ஒரு அண்டங்காக்கை. சாகும்போதும் விழக் கூடாது என்று, நட்டிருந்த ஒரு கல்லோடு தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டானாம். காக்கை வந்து தோளில் உட்கார்ந்த பிறகுதான் எதிரிகளுக்கு அவன் செத்தது உறுதியாயிற்று. ஆலிவர் ஷெப்பர்ட் வடித்த சிலை. எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ், தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வீரனைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். எங்கள் தெருச் சுவரில் ஐரிஷ் எதிர்ப்புக்கு நிற்பவன் நிற்கும் கோலமும் இந்தச் சிலையின் கோலம்தான். சிலை முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரே உடம்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதுபோல் மனசு கனத்தது.

இதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பியவர்களின் சுவர்களில் நெடுங்காலம் வெள்ளைக் குதிரையில் வரும் மூன்றாம் வில்லியம் மன்னர்தான் இருந்தார். 1690 பாய்ன் ஆற்றுப் போரில் வென்றவர். அயர்லாந்தோடு சேர விரும்பிய எதிர்த்தரப்பின் சுவர்கள் பெருகியது 1981இல், சிறையில் பாபி சாண்ட்ஸ் உள்ளிட்ட அந்தத் தரப்பினர் 10 பேர் உண்ணாவிரதமிருந்து இறந்தபோது. அயர்லாந்தின் பழைய கெல்டிக் தொன்மங்களும் அந்தச் சுவர்களில் ஏறின. மன்னர் வில்லியம் 17ஆம் நூற்றாண்டு ஆள். 'இந்த மண் முதலில் யாருடையது' என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. குழந்தை மருத்துவரும் பின்னாளில் பெல்ஃபாஸ்ட் மேயருமான இயன் ஆடம்சன், ஐரிஷ் மொழி பேசிய கேலிக் மக்களுக்கு முன்பே அல்ஸ்டரில் க்ரூத்தின் என்ற இனம் இருந்தது என்று எழுதினார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் சுவருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த இனத்தின் வீரனாகக் கூஹுலின் கட்சி மாறினான்.

கூஹுலினின் கதையைப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அது முழுக்க ஆநிரை கவர்தல். நம்முடைய வெட்சியும் கரந்தையும்தான். கானக்ட் நாட்டு அரசி மேவ், கணவனுக்குச் சமமாகத் தனக்கும் ஒரு காளை வேண்டும் என்று கூலி நாட்டின் பழுப்புக் காளையைக் கவரப் படையோடு வருகிறாள். ஒரு பழைய சாபத்தால் அல்ஸ்டர் ஆண்கள் எல்லோரும் பேறுகால வலியில் சுருண்டு கிடக்கிறார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஆற்றுத்துறையில் நின்று மறிக்கிறான். அவன் பெயருக்கே 'கலனின் நாய்' என்றுதான் பொருள். சின்ன வயதில் கலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, அதற்கு ஈடாகத் தானே காவல் காத்தவன். படித்ததும் எடத்தனூர் நடுகல் நினைவுக்கு வந்தது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். வீரனின் பக்கத்திலேயே நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள்: கோவிவன்.

மேவ் கடைசியில் அனுப்புவது ஃபெர்டியாவை. கூஹுலினோடு ஒரே குருவிடம் போர்க்கலை பயின்றவன், உடன்பிறவாத அண்ணன். பகலெல்லாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். இரவானதும் கூஹுலின் தன் காயத்துக்கு வந்த மூலிகையில் பாதியை ஆற்றின் அக்கரைக்கு அனுப்புகிறான். ஃபெர்டியா தன் சோற்றில் பாதியை இக்கரைக்கு அனுப்புகிறான். குதிரைகள் இரண்டும் ஒரே தொழுவத்தில் நிற்கின்றன. நான்காம் நாள் ஃபெர்டியா சாகிறான். இந்த இடத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரவுப் பணி முடித்து வந்திருந்தவள் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க வார்டுல ரெண்டு பக்கத்து ஆளுங்களும் அடுத்தடுத்த படுக்கைலதான் கிடக்கிறாங்க" என்றாள்.

நான் நடந்து பார்த்த சுவர்களில், கிழக்கிலும் சரி மேற்கிலும் சரி, ஃபெர்டியா இல்லை. தனியாக நிற்பவன்தான் இருக்கிறான். யாரைக் கொன்றுவிட்டு அப்படித் தனியாக நிற்கிறான் என்பது எங்கும் இல்லை. ஒரு தொன்மத்தைக் கொடியாக்க வேண்டுமானால் அதிலுள்ள அழுகையை முதலில் வெட்டியாக வேண்டும் போலிருக்கிறது.

2006க்குப் பிறகு கலை மன்றத்தின் திட்டம் ஒன்று வந்து, சில இடங்களில் துப்பாக்கிகள் போய் வேறு ஓவியங்கள் வந்தன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

அதற்கடுத்த கோடையில் எல்லை தாண்டி, அயர்லாந்துக் குடியரசின் லவுத் மாவட்டத்திலுள்ள ஆர்டீ ஊருக்குப் போனோம். ஐரிஷ் மொழியில் அந்த ஊரின் பெயரே ஃபெர்டியாவின் ஆற்றுத்துறை. சின்ன ஆறு, தண்ணீர் அதிகமில்லை. கரையில் ஒரு வெண்கலச் சிலை. கூஹுலின் இறந்துபோன ஃபெர்டியாவைக் கைகளில் ஏந்தி நிற்கிறான். சுற்றி வந்து பார்த்த மகள், "இதுல கல்லு இல்லையேப்பா" என்றாள்.

"இல்லம்மா. இங்க அவன் இன்னும் சாகல."

அவள் ஃபெர்டியாவின் தொங்கும் கையை எட்டித் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சூடாக இருக்கிறது என்றாள்.