தவில்காரருக்கு முழங்கால் போச்சு

மாளய அமாவாசையையும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் மேட்சையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுவந்து வைத்த புண்ணியவானை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் கணித்தவருக்கு அமெரிக்க ஃபுட்பால் தெரியாது. அந்த ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு அட்டவணை போட்டவருக்கு அமாவாசை தெரியாது. ரெண்டையும் தெரிந்துவைத்திருக்கிற பாவத்துக்கு நான் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன், கையில் வாமனரோடு. வாமனருக்குக் குடையைக் காணவில்லை.

எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். கொலுப்படி கட்டுவது ரங்கமணி, அதாவது என் வீட்டுக்காரர். பொம்மைப் பெட்டி பிரிப்பது நான். எது எங்கே உட்கார வேண்டும் என்று சோபாவிலிருந்து உத்தரவு போடுவது அத்தை, அவருடைய அம்மா. குறுக்கும் நெடுக்கும் நடந்து எதையாவது மிதிப்பது பையன். இந்த வருடம் படி கட்டும் பணியில் ரங்கமணியின் பங்கேற்பு 'கொஸ்டினபிள்' என்று வெள்ளிக்கிழமையே அறிக்கை வந்துவிட்டது. ஆடுவார், ஆடாமலும் போகலாம் என்றால் கொஸ்டினபிள். அநேகமாக ஆட மாட்டார் என்றால் டவுட்ஃபுல். ஆளே இல்லை என்றால் அவுட். ஒவ்வொரு அணியும் அடிபட்டவர்கள் பட்டியலை வாராவாரம் இப்படித்தான் வெளியிட வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளும் விஷயத்தில் இந்த மனிதர் பல வருடங்களாக டவுட்ஃபுல். அதற்குத்தான் அறிக்கை விட யாருமில்லை.

தர்ப்பணத்தைக் காலையிலேயே முடித்துவிட்டார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எள்ளும் தண்ணீரும் இறைத்து நான் பார்த்ததில்லை. மேட்ச் ஒன்று இருபத்தைந்துக்கு.

இந்த வருட நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. 2024 சீசனில் இந்த அணி 17 மேட்ச் ஆடி 11இல் தோற்றது. அவர்கள் பிரிவில் கடைசி இடம். சராசரி மனிதன் என்றால் துக்கப்படுவான். ரசிகன் என்ன செய்வான் தெரியுமா, கணக்குப் போடுவான். கடைசி இடம் வந்தால் அடுத்த வருட அட்டவணையில் மற்ற பிரிவுகளின் கடைசி இடத்துக்காரர்கள் சில பேரோடு ஆட்டம் விழும், எனவே லாபம். நிறையத் தோற்றால், கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சீக்கிரம் ஆள் எடுக்க வரிசை கிடைக்கும், எனவே அதுவும் லாபம். மொத்தத்தில் அந்த 11 தோல்வியும் மேலிடத்தின் ராஜதந்திரம். இதை ரங்கமணி எனக்கு பிப்ரவரியில் தோசை சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். நான் இரண்டாவது தோசையை நிறுத்திப் பார்த்தேன், விளக்கம் நிற்கவில்லை.

அப்புறம் மூத்த ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்கு. ஹுஃபாங்காவும் கிரீன்லாவும் டென்வருக்கு. வார்டு இண்டியானாபொலிஸுக்கு. "போகட்டும், வயசாயிடுச்சு" என்றார், தன் தொப்பையைத் தடவிக்கொண்டே. ஏப்ரலில் பதினோரு பையன்களை எடுத்தார்கள். முதல் ஐந்து பேரும் தடுப்பாட்டக்காரர்கள். அவ்வளவுதான், வீட்டில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வரன் பார்ப்பது போல ஆகிவிட்டது. ராத்திரி பூரா அவர்களுடைய கல்லூரி வீடியோக்கள்தான். என் தம்பி மகன் எந்தக் காலேஜ் என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார். அப்டன் ஸ்டவுட் வெஸ்டர்ன் கென்டக்கியில் படித்த பிள்ளை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

யாராவது "ரூக்கிகளை, புதுப் பசங்களை நம்பி எப்படிங்க?" என்று கேட்டால் போதும், பிராக் பர்டியை இறக்கிவிடுவார். 2022 டிராஃப்டில் 262ஆவதாக, கடைசி ஆளாக எடுத்த பையன்தான் சூப்பர் பௌல் இறுதியாட்டம் வரைக்கும் கூட்டிப் போனான் என்பார். கூட்டிப் போனது உண்மை. போய்த் தோற்றார்கள் என்பதை அந்த நேரத்தில் சொல்லக் கூடாது. கடைசியாக ஜெயித்தது 1995 ஜனவரியில் என்பதைச் சொல்லவே கூடாது.

சரி, 2025 சீசன் தொடங்கியது. பிராண்டன் ஐயூக் போன வருடம் முழங்காலில் அடிபட்டவர், இன்னும் வரவில்லை. முதல் மேட்சிலேயே ஜார்ஜ் கிட்டிலுக்குத் தொடைத்தசை. அதே மேட்சில் பர்டிக்குக் கால் கட்டைவிரல். அத்தைக்கு இந்தக் கட்டைவிரல் சமாசாரம் மட்டும் ஜீரணமாகவில்லை.

"கட்டைவிரலுக்கா லீவு? என்ன சம்பளம் அந்தப் பிள்ளைக்கு?"

அஞ்சு வருஷத்துக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்றான் பையன். அத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்க முயன்று, பாதியில் கைவிட்டு, "அதுல ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கக் கூடாதா?" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு மேட்சையும் ஜெயித்துவிட்டார்கள். அதுதான் வினை. தோற்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நண்பர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் ஒரே பாட்டு: "அடிபட்டே இப்படி ஆடறோம்னா, எல்லாரும் குணமாகி வந்தா யோசிச்சுப் பாருங்க!" எல்லாரும் குணமாகி நின்ற ஒரு நாளை இந்த அணியின் வாழ்க்கையில் நான் பார்த்ததே இல்லை. 2020இல் தடுப்பாட்ட நட்சத்திரம் நிக் போசாவின் இடது முழங்கால் போனது இரண்டாவது வாரம். போன வருடம் மகாஃப்ரி பாதி சீசனுக்கு மேல் இல்லை. இவர்கள் நம்பிக்கை மட்டும் ஒரு வாரம்கூட அந்தப் பட்டியலில் ஏறாது.

விஷயத்துக்கு வருகிறேன். டிவிக்குப் பக்கத்தில்தான் கொலு, வேறு இடம் இல்லை. ரங்கமணி ஸ்க்ரூடிரைவரோடு மூன்றாவது படியில் இருந்தார். கண் டிவியில், கை படியில், வாய் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜில். முதல் குவார்ட்டரிலேயே போசா எழுந்து வெளியே நடந்தார்.

"தண்ணி குடிக்கப் போறான்" என்றார் ரங்கமணி.

97ஆம் நம்பர் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் வாங்கிய ஜெர்சிகளின் வரலாறு அவனுக்கும் தெரியும். சாமுவேல் ஜெர்சி வாங்கினோம், ஊரை விட்டே போனார். ஐயூக் ஜெர்சி வாங்கினோம், முழங்கால் போனது. கிட்டில் ஜெர்சி போன மாதம்தான் வந்தது, விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் எலும்பு முறிவு வார்டு.

"தண்ணி குடிச்சவன் ஏன்டா இன்னும் வரலை?" என்றார் அத்தை, இரண்டாவது குவார்ட்டரில்.

நான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே போனேன். பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய பொம்மைகள். பிரிக்கப் பிரிக்க இங்கேயும் சேதாரம்தான்: கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல் இல்லை, செட்டியார் கடையில் செட்டியாரம்மா மட்டும், கூர்மாவதாரத்துக்கு மூக்கு உடைந்து வெறும் பாறாங்கல் போல இருந்தது. உருப்படியாக இருந்தது அத்தை கல்யாணமான வருடம் வாங்கிய நாதஸ்வர செட் ஒன்றுதான். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். கடல் தாண்டி வந்தும் ஒரு கீறல் கிடையாது. அத்தை இந்தத் தடவை சென்னையிலிருந்து கொண்டுவந்தது பள்ளிக்கூட செட். திண்ணையில் வாத்தியார், எதிரே சட்டை போடாத பையன்கள் சிலேட்டோடு சம்மணமிட்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாத்தியார் முகமேதான், மீசை மட்டும் இல்லை.

நான்காவது குவார்ட்டர் வந்தது. நைனர்ஸ் 13, அரிசோனா 13. மூன்று நிமிடத்துக்குச் சொச்சம் இருக்கும்போது நம் ஆள் ஒருவர் நம் எல்லைக்குள்ளேயே எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டார். அதற்குப் பெயர் சேஃப்டி. அவர்களுக்கு ரெண்டு பாயிண்ட், பந்தும் அவர்களுக்கே. சேஃப்டி என்று எதற்குப் பெயர் வைத்தார்களோ, எங்கள் ஹாலில் அப்போது எதற்கும் பாதுகாப்பு இல்லை. ஸ்க்ரூடிரைவர் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது.

"முடிஞ்சுது. படியைக் கட்டுங்க" என்றேன்.

"ரெண்டு பாயிண்ட்தானே! ஒரு ஃபீல்டு கோல் உதைச்சா மூணு பாயிண்ட், போதும். இன்னும் நேரம் இருக்கு."

அத்தை சிரித்துவிட்டார். சாதாரணமாக அவர் மேட்சுக்குச் சிரிக்கிறவர் இல்லை.

"இப்படியேதான்டா உங்கப்பாவும். 86ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாகூட மேட்ச். இதே மாளய பட்ச நாள். 348 அடிக்கணும். ரேடியோவைத் தோள்லயே வச்சிக்கிட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கறார். ஒண்ணொண்ணா விழறாங்க. கடைசில ஒரு ரன்னு வேணும், மணீந்தர் சிங் நிக்கறான். 'ஒரு ரன்னுதானே, அடிச்சிருவான்'ங்கறார். மணீந்தர் பேட் பிடிச்சுப் பார்த்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"அடிச்சாரா பாட்டி?"

"எங்க அடிச்சான்! எல்.பி.டபிள்யூ. 347ல நின்னுபோச்சு. டை. தோக்கலைதானேன்னு ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே இருந்தார். என்கிட்ட சொல்லி, பக்கத்து வீட்டுல சொல்லி, பால்காரன்கிட்டயும் சொன்னார்."

ரங்கமணி திரும்பி அம்மாவைப் பார்த்தார். காலையில் கட்டிய வேட்டியோடுதான் இன்னும் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் பந்து நைனர்ஸ் கைக்கு வந்துவிட்டது.

நேரம் முடியும் நொடியில் எடி பிஞேரோ 35 கஜத்திலிருந்து உதைத்தார். உள்ளே போனது. 16க்கு 15. பிஞேரோ முதல் வார மேட்சுக்குப் பிறகுதான் இந்த அணிக்கே வந்தவர். ரங்கமணி குதித்தார். குதித்தது மேலே, இறங்கியது மூன்றாவது படியின் ஓரத்தில். நாதஸ்வர செட் மொத்தமும் ஒரு தடவை ஆடி நின்றது, முன்வரிசைத் தவில்காரர் மட்டும் நிற்காமல் தரைக்கு வந்தார். சம்மணம் போட்டிருந்த வலது முழங்கால் தனியாக உருண்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போனது.

யாரும் பேசவில்லை. டிவியில் மட்டும் எழுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மூணுக்கு மூணு ஜெயிச்சாச்சும்மா" என்றார் ரங்கமணி, மெதுவாக.

"அது சரி, முழங்காலைத் தேடு" என்றார் அத்தை.

ராத்திரி பசை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிப் படுக்கவைத்தோம். திங்கட்கிழமை காலை முழங்கால் கையோடு வந்துவிட்டது. அதே திங்கட்கிழமை போசாவின் எம்.ஆர்.ஐ. முடிவும் வந்தது. வலது முழங்கால், ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்திருக்கிறது, இந்த சீசன் அவ்வளவுதான். ரங்கமணி காபியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துக்கம் விசாரிக்க அவருடைய அண்ணன் டெக்சஸிலிருந்து கூப்பிட்டார். டல்லாஸ் அணி ரசிகர் அவர், விசாரித்த தொனி எனக்கே பிடிக்கவில்லை.

துக்கம் மத்தியானச் சாப்பாடு வரைதான். ரசம் ஊற்றும்போதே தொடங்கிவிட்டார்: "மைக்கெல் வில்லியம்ஸ் இருக்கான். 21 வயசு. மொத்த டிராஃப்ட்லயே பதினோராவது ஆளா எடுத்தது எதுக்கு? போசா இல்லாதப்பதான் ஒரு பையனோட உண்மையான திறமை வெளியே வரும்." குழுவில் அதற்குள் இதே வாசகத்தை நாலு பேர் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவர், எல்லோரும் இப்போதே அடிபட்டு முடித்துவிட்டால் ஜனவரியில் அடிபட யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள், அதனால் இது நல்லதுதான் என்று எழுதியிருந்தார். பெரிய கம்பெனியில் ரிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருப்பவர் அவர்.

சாயங்காலம் விளக்கேற்ற வந்து பார்த்தால் நாதஸ்வர செட்டில் ஆள் குறையவில்லை. உடைந்தவரை அத்தை பின்னால் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, பள்ளிக்கூட செட்டிலிருந்து ஒரு பையனைத் தூக்கித் தவிலுக்குப் பின்னால் வைத்திருந்தார். சிலேட்டைத் தவில் மறைத்துவிட்டது. ஆள் கொஞ்சம் சின்னவன், தவிலுக்கு மேலே கண்ணும் நெற்றியும்தான் தெரிந்தது.

"எட்ட நின்னு பாரு, வாசிக்கிற மாதிரிதான் இருக்கு" என்றார்.

ரங்கமணி எட்ட நின்று பார்த்தார். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். பாராட்டு குவிந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பிள்ளை குறைச்சலாகப் பாடம் நடத்திக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் தெருப் பெண்களை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். ஜாக்சன்வில்லோடு மேட்ச் அன்றைக்கு மதியம்தான். டிவியைப் பட்டுப்புடவை போட்டு மூடிவிடுவதுதான் எங்கள் கொலு சம்பிரதாயம். இந்தத் தடவை மூடியே தீருவது என்று முடிவு செய்து, ரங்கமணிக்குக் கேட்கும்படி அத்தையிடம் சத்தமாகவே சொன்னேன்.

அத்தை காலெண்டரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"நாலரைக்கு மேல வரச் சொல்லு. ஓவர்டைம் போனாலும் அதுக்குள்ள முடிஞ்சிரும்."