சோலைக் காட்டுத் தரையில் ஒருவழியாக வெயில்

வந்துவிட்டது! கொடைக்கானல் பாம்பே சோலையை இம்ப்ரெஷனிச பாணியில் (அந்த நேரத்து வெளிச்சத்தைத் தனித்தனி தீற்றல்களால் பிடிக்கும் பாணி) ஆயிலில் வரைந்துகொண்டிருக்கிறேன். பாசி பிடித்த அடிமரங்கள், பெரணி, பின்னணிப் பச்சை எல்லாம் வம்பு பண்ணாமல் வந்தன. இலை இடுக்கு வழியாகத் தரையில் சிதறும் வெயில் புள்ளிகள்தான் படியவே இல்லை. எப்படி வைத்தாலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி தரையை விட்டுத் தனியாக நின்றன.

முடிச்சு அவிழ்ந்தது வடிவத்தில். அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் இடுக்கின் வடிவத்தில் இருப்பதில்லை. அவை சூரியனின் பிம்பங்கள். ஊசித்துளைக் கேமராவில் நடப்பதேதான். பகுதி கிரகணத்தன்று மரத்தடி முழுக்கப் பிறை பிறையாக விழுவதும் இதனால்தான். 10 மீட்டர் மேலே உள்ள சிறு இடுக்கிலிருந்து வரும் புள்ளி ஏறத்தாழ 9 செ.மீ. அகலம் இருக்கும். கிளை உயர உயரப் புள்ளி பெரிதாகும், வெளிச்சம் மங்கும். சோலை மரங்கள் அவ்வளவு உயரம் போவதில்லை, அதனால் புள்ளிகள் சிறியவை, பளிச்சென்றவை. ஆக, கண்டபடி தீற்றக் கூடாது. எல்லாம் படுக்கை நீள்வட்டங்கள். தூரம் போகப் போகக் கோடாகவே ஒடுங்க வேண்டும். இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் மட்டும் உச்ச வெளிச்சம். இப்படி வைத்ததுமே தரை மட்டமாகப் படுத்துக்கொண்டது.

அப்புறம் நிறம். வெறும் டைட்டானியம் ஒயிட் இங்கே பிணம் மாதிரி வெளிறும். எல்லோ ஓக்கரும் கொஞ்சம் கேட்மியம் எல்லோவும் சேர்த்தேன். சுற்றியுள்ள நிழலுக்குக் கறுப்பு கிடையாது: அல்ட்ராமரைன் நீலம், அலிசரின் சிவப்பு, பர்ன்ட் சியன்னா செம்பழுப்பு. நிழலை டர்பன்டைனில் மெல்லியதாகப் போட்டு, விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஃபில்பர்ட் பிரஷ்ஷில் (நுனி வளைந்த தட்டை பிரஷ்) கெட்டியாக எடுத்து ஒரே ஒரு தொடல். துணியில் துடை, அடுத்ததுக்குப் போ. அதே இடத்தை மறுபடி தொட்டால் மஞ்சளும் ஊதாவும் கலந்து சேறுதான்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1865இல் ஃபோன்டேன்ப்ளோ காட்டில் வரைந்த போட்மெர் ஓக் மரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் (நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது). இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சிக்கு 9 வருடம் முந்தியது. செம்பழுப்புச் சருகுத் தரையில் வெளிச்சத்தை என்ன அழகாகத் தூவியிருக்கிறார்!

விரிடியன் பச்சை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. டியூபில் 'ஹ்யூ' (வேறு நிறமியில் செய்த சாயல்) என்று இருந்தால் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஜி.18 என்றால் அசல், பி.ஜி.7 என்றால் தாலோ பச்சை, பாலெட்டில் இருப்பதையெல்லாம் விழுங்கிவிடும். கடையில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

அடுத்தது பிச்சாவரம். சுரபுன்னை வேர்களுக்கு நடுவே தண்ணீரில் ஆடும் வெளிச்சம். அதற்கு அகலமான கேன்வாஸ் இப்போதே தேடுகிறேன். இந்தப் படத்தில் இடது மேல் மூலைக் கிளைகள் இன்னும் பாக்கி. அலிசரின் தாராளமாகப் போட்ட இடம், மழைக்காலம் வேறு, காய்வேனா என்கிறது. காய்ந்ததும் அங்கே வானம் தெரியும் ஓட்டைகளை வைக்க வேண்டும், தரைப் புள்ளிகளைவிட ஒரு படி குளிர்ச்சியாக.