செத்த மீனைப் பார்த்து உயிருள்ள மீன் செய்வது

கணினி விளையாட்டு ஒன்றுக்காக என் முதல் கோப்ளின் சுறாவை (ஆழ்கடல் சுறா ஒன்று) செய்து முடித்து, அதிலுள்ள தொட்டியில் விட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் ஒருவன் கேட்டான்: "வாயை எப்போதும் இப்படித்தான் வெளியே தள்ளி வைத்திருக்குமா?" நான் பார்த்த எல்லாப் படங்களிலும் தாடை முன்னால் துருத்திக்கொண்டு, பல் வரிசை வெளியே தெரிய, கோரமாகத்தான் இருந்தது. அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு சந்தேகத்தில் உயிரோடு நீந்தும் கோப்ளின் சுறாவின் வீடியோவைத் தேடிப் பார்த்தால், வாய் ஒழுங்காக உள்ளே மடிந்து, மற்ற சுறாக்களைப் போலவே போகிறது. இரையைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் தாடை கவண் கல் மாதிரி முன்னால் பாயும். நான் பார்த்த படங்களில் பாதி வலையில் சிக்கியது, மீதி மியூசியத்தில் பாட்டிலில் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பிணத்தை நீந்த வைத்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் இந்த மிருகங்களைச் செய்வது ஜூ டைகூன் 2 விளையாட்டுக்காக. 2004-ல் புளூ ஃபேங் என்ற அமெரிக்க நிறுவனம் செய்து மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கூண்டு கட்டி, மிருகங்களை விட்டு, டிக்கெட் விற்று, அதில் வரும் காசில் இன்னொரு கூண்டு கட்ட வேண்டும். 2006-ல் மரைன் மேனியா என்ற விரிவாக்கம் வந்தபோது பெரிய தண்ணீர்த் தொட்டிகளும் கூடவே வந்தன. (அதிலேயே ஒரு கோப்ளின் சுறா உண்டு. எனக்குத்தான் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று வீம்பு.) நிறுவனத்தை 2011-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் புது மிருகங்கள் செய்வதை நிறுத்தவில்லை. விளையாட்டின் கோப்புகள் .இசட்2எஃப் என்ற பெயரில் இருக்கும், உள்ளே அது வெறும் ஜிப்தான். பெயரை மாற்றித் திறந்தால் மாடல், அதன் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்ச்சர், அந்த மிருகத்துக்கு எவ்வளவு பசிக்கும், எந்த நிலம் பிடிக்கும் என்று எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பு எல்லாம் கையில் வந்துவிடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் கொஞ்சம் தெரிந்தால் போதும், ஒரு பழைய மிருகத்தின் எலும்புக்கூட்டை எடுத்துப் புது மிருகத்துக்குள் வைத்து ஓட விட்டுவிடலாம்.

துருவ மிருகங்களில் அவ்வளவு சிரமம் இல்லை. வீடியோ குவிந்து கிடக்கிறது, மிருகக்காட்சி சாலையிலேயே நேரில் பார்த்தவர்களும் நிறையப் பேர். துருவக்கரடியின் நிறம் மட்டும் கொஞ்சம் பாடாய்ப் படுத்தும். வெள்ளை என்று நினைத்து வெள்ளையை அடித்தால் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும். அதன் முடிக்கு நிறமே கிடையாது, தோல் கறுப்பு, வெளிச்சம் பட்டுச் சிதறித்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதனால் அடியில் சாம்பலும் மேலே கொஞ்சம் அழுக்கு மஞ்சளும் வேண்டும், மூக்கைச் சுற்றிக் கறுப்பு எட்டிப் பார்க்க வேண்டும். வெட்டல் சீல் என்ற கடல்நாயைச் செய்தபோது மாடல் இரண்டே நாளில் முடிந்தது. ஆனால் அண்டார்டிகாவில் அது மூச்சு விடுவதற்காகப் பனியில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை மூடிவிடாமல் பல்லால் சுரண்டிக்கொண்டே இருக்கும், வயதான சீல்களுக்குப் பல் தேய்ந்தே போயிருக்கும். விளையாட்டில் தண்ணீருக்கு மேல் பனிக்கட்டி என்ற ஒன்றே இல்லை. கடைசியில் நடுவில் ஓட்டையுள்ள ஒரு பனிப்பலகையைத் தனிப் பொருளாகச் செய்து தண்ணீரில் மிதக்க விட்டேன். சீல் அதைச் சுற்றிச் சுற்றி நீந்தியதே தவிர ஓட்டையில் ஒரு முறைகூடத் தலையை நுழைக்கவில்லை.

கிரீன்லாந்து சுறா எனக்குப் பிடித்த வேலை. ஆர்க்டிக்கில் வாழ்வது, ஆழத்துக்கும் போகும், அதனால் துருவம், ஆழ்கடல் என்ற இரண்டு பட்டியலிலும் சேரும். 2016-ல் வந்த ஆய்வு, ஆய்வாளர்கள் பார்த்ததிலேயே பெரிய சுறாவின் வயதைச் சுமார் 392 என்று கணித்தது, கூட்டியோ குறைத்தோ 120 வருடம். அதன் சராசரி வேகம் வினாடிக்கு 0.34 மீட்டர் என்று இன்னொரு ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நாம் சாவகாசமாக நடந்தாலே அதை முந்திவிடுவோம். வால் ஒரு முறை இடமும் வலமும் போய் வர ஏழு வினாடி. நான் விளையாட்டில் இருந்த வேறொரு சுறாவின் நீச்சல் அனிமேஷனை எடுத்து ஏழு வினாடிக்கு இழுத்துவிட்டேன். இணையத்தில் விட்ட முதல் நாளே இரண்டு பேர் "கேம் ஹேங் ஆகிறது" என்று எழுதினார்கள். இல்லைங்க, அது நீந்துது. அதன் கண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியையும் விடாமல் செய்தேன். சின்னப் புழு மாதிரி வெள்ளையாக இருக்கும். அதை டெக்ஸ்ச்சர் பிழை என்று நினைத்து என்னிடம் திருத்தச் சொன்னவர்களும் உண்டு.

ஆழ்கடலுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். மேலே கொண்டுவந்ததும் உருமாறிப் போகும் மிருகங்கள்தான் அங்கே அதிகம். பிளாப்ஃபிஷ் என்று எல்லோரும் பகிரும் அந்தச் சோக முகம், 2003-ல் நியூசிலாந்துக்கு வடமேற்கே இழுத்தெடுத்த ஒரு செத்த மீனுடையது. கீழே அழுத்தத்தில் இருக்கும்போது அது சாதாரண மீன் மாதிரிதான் இருக்கும். என்னிடம் அந்தச் சோக முகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதில் உச்சம் பேரல்ஐ மீன். 1939-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அதன் தலை கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது, உள்ளே இரண்டு பச்சைக் கண்கள் மேலே பார்த்தபடி இருப்பது, இதெல்லாம் பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாது. காரணம், வலையில் வரும்போதே அந்த மெல்லிய மூடி கிழிந்துபோகும். கலிஃபோர்னியாவின் மான்ட்டரே வளைகுடா ஆய்வு நிறுவனம் ஆளில்லா வண்டியைக் கீழே அனுப்பிப் படம் எடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. முன்பக்கம் கண் மாதிரித் தெரிவது மூக்கு. பழைய வரைபடத்தை நம்பி மாடல் செய்திருந்தால் மொட்டைத் தலையோடு ஒரு மீன் வந்திருக்கும்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது, செய்துவிடலாம் என்று பார்த்தால் விளையாட்டை ஓட்டும் இந்தப் பழைய எஞ்சின் ஒத்துழைக்கவில்லை. ஒளி ஊடுருவும் பரப்பு ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் எதை முதலில் வரைவது என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் கண் இருக்கிறது, கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் காணவில்லை. மீன் நீந்தும்போது கண் இரண்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டே போகிறது, ஏதோ கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி. தலையின் மூடியைத் தனி மெஷ்ஷாக (உருவத்தின் வலைச்சட்டமாக) பிரித்து, அதன் உட்பக்க முகங்களை எல்லாம் அழித்து, கண்ணுக்கு ஒளி ஊடுருவாத வேறு மெட்டீரியல் போட்டு, அப்புறம்தான் அடங்கியது. இரண்டு மாதம் போய்விட்டது.

அடுத்து தூண்டில் மீன். நெற்றியில் விளக்குத் தொங்கும் அந்த ஆங்க்லர். விளக்கைத் தனியாக ஒளிர வைத்தாயிற்று, ஆனால் ஜூ டைகூன் 2-ல் இரவே கிடையாது. பட்டப்பகலில், பளீரென்ற தொட்டியில், டார்ச் அடித்துக்கொண்டு ஒரு மீன். அதுகூடப் பரவாயில்லை, பெரிய சிக்கல் ஆண் மீன்தான். சில இனங்களில் பெண் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், ஆண் விரல் நீளம்தான். அது பெண்ணைக் கடித்து ஒட்டிக்கொண்டு, தோலும் ரத்தக் குழாயும் ஒன்றாகி, கடைசிவரை அங்கேயே இருந்துவிடும். விளையாட்டோ ஆண் ஒன்று, பெண் ஒன்று, குட்டி ஒன்று என்று மூன்று மாடல் கேட்கும். ஆணைத் தனியாக நீந்த விட்டேன், தொட்டியில் தூசி மாதிரி இருந்தது, அதன் மேல் மவுஸை வைக்கவே முடியவில்லை. பெரிதாக்கினால் பொய். பெண்ணின் மாடலிலேயே வயிற்றுக்கு அடியில் ஒட்டிவிட்டால் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் இனப்பெருக்கத்துக்கு ஆண் இல்லை என்று விளையாட்டு புகார் சொல்லும். இரண்டையும் செய்தேன்: வயிற்றில் ஒன்று நிரந்தரமாக ஒட்டியிருக்கும், இன்னொன்று கொஞ்சம் ஊதிப் பெருத்த உருவத்தில் தனியாகத் திரியும். இது ஏமாற்று வேலைதான்.

அது நீந்தும் விதத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2016-ல் அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் 800 மீட்டர் ஆழத்தில் ஒரு தம்பதி நீர்மூழ்கியில் போய், ஆண் ஒட்டியிருக்கும் ஒரு பெண் ஆங்க்லரை உயிரோடு படம் பிடித்தார்கள். உடலைச் சுற்றிப் பூனை மீசை மாதிரி நீள நீளமான இழைகள், அவையும் மினுங்குவது போலத் தெரியும். நீந்துவதே இல்லை, சும்மா மிதந்து கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும் வரை நான் ஆங்க்லருக்குப் பிரானா மாதிரி பாய்ச்சல் கொடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, துடுப்பு லேசாக அசைவதோடு நிறுத்திக்கொண்டேன். டவுன்லோட் குறைவு. இருக்கட்டும்.

இப்போது கையில் இருப்பது ராட்சத ஐசோபாட். மழைக்காலத்தில் பூந்தொட்டிக்கு அடியில், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே ஒரு பூச்சி, அதற்குச் சொந்தக்காரன், முழங்கை நீளத்தில். மாடல் முடிந்தது, ஏழு ஜோடிக் கால்களுக்கும் எலும்பு போட்டாயிற்று. மாட்டிக்கொண்டிருப்பது எக்ஸ்எம்எல்லில் பசி என்ற ஒரு வரியில். ஜப்பானின் டோபா மீன் காட்சியகத்தில் இருந்த ஒரு ஐசோபாட் 2009 ஜனவரி 2-ம் தேதி ஒரு மீனைத் தின்றது. அதற்குப் பிறகு 2014 பிப்ரவரியில் சாகும் வரை எதையும் சாப்பிடவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல்! பராமரிப்பாளர்கள் மீனை முன்னால் வைப்பார்கள், அது பார்க்கும், போய்விடும். விளையாட்டில் எந்த மிருகமானாலும் பசிக் கோடு சிவப்பானதும் படுத்துவிடும். அந்த எண்ணை எவ்வளவு குறைத்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் என் ஐசோபாட் சாப்பிடப் போய்விடுகிறது, பூஜ்யம் வைத்தால் தொட்டி பக்கமே பராமரிப்பாளர் வர மறுக்கிறார். எனக்கு அவர் வர வேண்டும், மீனை வைக்க வேண்டும், இது திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. நேற்று இரவு 0.001 வரை வந்திருக்கிறேன்.